ஜன்னல் வரைந்த அறை

அருங்காட்சியகத்தில் அவளுக்கு 'விளக்கம்மா' என்று பெயர். கதவில் காப்பாட்சியர் என்று பித்தளைப் பலகை தொங்கியது. ஆனாலும் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் விளக்கம்மாதான். எதைப் பார்த்தாலும் விளக்குவாள். மழை பிடித்துக்கொண்டால்கூட, அது ஏன் பெய்கிறது என்று ஒதுங்கி நிற்கிற நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் குடையை விரிப்பாள். விளக்குமாறு என்று வைக்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் லாபம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கையில் எடுத்துக்கொண்டது லேசான சமாச்சாரம் இல்லை. சர்ரியலிச ஓவியம். பேரைச் சொல்லும்போதே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மீனுக்குக் கை முளைத்திருக்கும், படிக்கட்டு மேகத்துக்குள் போய் முடியும். படித்தவர்கள் அதைப் பற்றி எழுதி எழுதிப் புரியாததை இன்னும் புரியாமல் செய்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்தால் ஓவியமே தேவலை என்று தோன்றும். விளக்கம்மா முதல் வேலையாக அந்தச் சொல்லையே சுவரொட்டியிலிருந்து தூக்கிக் கடாசினாள். 'கனவு பார்க்க வாங்க' என்று போட்டாள். அடுத்த வாரமே அருங்காட்சியகத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

பேருந்து நடத்துநர்கள் வந்தார்கள், மருந்துக்கடைக்காரர்கள் வந்தார்கள், துணி தைக்கிறவர்கள் வந்தார்கள். "நீங்க ராத்திரி கனவு காணறீங்கல்ல?" என்று ஆரம்பிப்பாள். "அதுல செத்துப்போன உங்க மாமா பஸ் ஓட்டிக்கிட்டு வர்றாரு. நீங்க ஆச்சரியமா படறீங்க? ஏறி உக்காந்து டிக்கெட் கேக்கறீங்க. அவ்வளவுதாங்க இந்தப் படம். இதுல புரியாததுன்னு எதுவுமே இல்ல." கூட்டம் சிரிக்கும். சிரித்தபின் படத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் அவள் தொண்டை கட்டக் கட்டப் பேசினாள்.

ஊருக்கெல்லாம் விளக்கினாளே தவிர, அவள் மனதில் வைத்திருந்த பொதுமக்கள் ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய அப்பா. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். தலை பின்னுவதிலிருந்து காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பது வரை எல்லாம் அப்பாதான். அவர் பின்னிவிடுகிற இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் ஒரு விரல்கடை மேலே ஏறி நிற்கும். பள்ளியில் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல அவளுக்கு மனசே வந்ததில்லை.

அந்த அப்பா மகள் வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. "எனக்கெல்லாம் எங்கம்மா புரியப்போகுது? நீ போயிட்டு வா" என்று சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு படமாவது புரியவேண்டும், ஆமாம்மா என்று அவர் தலையாட்டவேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மற்றதெல்லாம், பத்திரிகைப் பாராட்டு உள்பட, தொட்டுக்கொள்ளத்தான்.

கண்காட்சியின் கடைசிக் கூடத்துக்கு அவள் ஒரு படத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். பேர் 'விருந்தினர் அறை'. படத்தில் ஓர் அறை. தோள் உயரம் வரை நீலச் சுவர், அதற்கு மேல் வெள்ளை. சுவரில் முள் இல்லாத கடிகாரம். பறவைக் கூண்டுக்குள் பூட்டி வைத்த தொலைபேசி. நடுவில் ஒரு மர நாற்காலி, முன்னங்கால்கள் மட்டும் கொஞ்சம் குட்டை. சுவரோரம் வரிசையாகச் செருப்புகள், அத்தனையும் இடது கால். எதிர்ச்சுவரில் மலையும் பூவுமாக ஒரு ஜன்னல். உற்றுப் பார்த்தால் அது ஜன்னல் இல்லை, சுவரில் வரைந்தது. ஆனால் அதற்குத் திரைச்சீலை மட்டும் நிஜம்.

படத்தை இரவல் கேட்டு ஓவியரைப் பார்க்கப் போனபோது அவர் மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார். வயதானவர். ஒருகாலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். தேநீர் கொடுத்தார், பேச்சைக் கொடுக்கவில்லை.

"இது எந்த மாதிரிக் கனவுல வந்ததுங்க?" என்று விளக்கம்மா கேட்டாள்.

"கனவு இல்லம்மா. பாத்தது."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வகை ஓவியர்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்வார்கள். கனவைப் பார்த்தேன் என்பார்கள், நிஜம் என்று சத்தியம் செய்வார்கள். அது அவர்களுடைய குறும்பு. அந்தக் குறும்பைப் பற்றி அவளே ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். "அருமைங்க, அருமை" என்று கை தட்டினாள்.

ஓவியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சாதாரண சனம் வந்து பாக்குமா?"

"பாக்கும். அதுக்குத்தான் நான் இருக்கேன்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க" என்றார்.

படத்தைத் தொங்கவிட்டதோடு நின்றிருந்தால் அவள் விளக்கம்மா இல்லையே. படத்துக்குள் ஜனங்கள் நடந்து போகவேண்டும் என்று ஆசைப்பட்டாள். கூடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. தச்சரைக் கூப்பிட்டு அந்த அறையை அப்படியே கட்டச் சொன்னாள். தச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து முகம் சுளித்தார். "மேடம், முன்னாடி வழுக்குது. உடம்பை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. தொடை நடுங்குது பாருங்க. கால சரி பண்ணிடவா?"

"ஐயய்யோ, வேணாம். அதுலதான் விஷயமே இருக்கு" என்றாள் விளக்கம்மா. என்ன விஷயம் என்று தச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அரைமணி நேரம்.

அறை திறந்த அன்று ஜனங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். கூண்டுக்குள் இருக்கிற தொலைபேசியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெளியே வரும்போது சிரிப்பு குறைந்திருந்தது. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. தையல்கார அம்மா ஒருத்தி, "உள்ள நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ வரப்போற மாதிரியே இருக்கு" என்றாள். விளக்கம்மா பூரித்துப் போனாள்.

மறுநாள் பெரியவர் ஒருவர் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். உள்ளே அடி எடுத்து வைக்கவில்லை. பிறகு குனிந்து தன் இடது கால் செருப்பைக் கழற்றி, கையை மட்டும் நீட்டி, அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். ஒற்றைச் செருப்போடு தெருவில் இறங்கி நடந்து போனார். அதற்கடுத்த நாள் ஒரு அம்மாள் அதையே செய்தாள். பிறகு இன்னொருவர். ஒருவரையொருவர் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. காவலாளி வந்து, "மேடம், பைத்தியங்களா வருது, என்ன பண்றது?" என்றான்.

"பைத்தியம் இல்லப்பா. படம் அவங்களைத் தொட்டுடுச்சு" என்றாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்வையாளர் படத்துக்குள் தானாகவே சேர்ந்துகொள்கிறார்! பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுச் செருப்பு வரிசையைப் படம் எடுக்க வைத்தாள். நடுப்பக்கத்தில் பெரிதாக வந்தது.

அந்தப் பத்திரிகையை அப்பா காலையில் கையில் எடுத்தார். நெடுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எங்கம்மா இருக்கு?"

"எங்க மியூசியத்துலதான்ப்பா. நான்தான் கட்டினேன்."

"நீயா கட்டின?"

"ஆமாம்ப்பா."

அவர் பத்திரிகையை நாலாக மடித்தார். "கூட்டம் இல்லாத அன்னைக்கு நான் வந்து பாக்கலாமா?"

விளக்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் கரடியாகக் கத்தியும் வராதவர். வார விடுமுறை நாளன்று அவரைக் கூட்டிப் போனாள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான ஷூ என்று அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பின மாதிரியே கிளம்பியிருந்தார். காவலாளி விளக்குகளைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அவள் தன் வித்தையை எல்லாம் காட்டினாள். மீன் கையை அசைக்கிற படத்தின் முன்னால் அப்பா சிரித்தார். "நல்லாருக்கும்மா. உன் அளவுக்கு எனக்கு மூளை இல்ல. ஆனா நல்லாருக்கு."

கடைசி அறைக்கு வந்தார்கள். வாசலில் அவர் நிற்கவில்லை. உள்ளே போனார், பழகிய வீட்டுக்குள் போகிறவர் மாதிரி. சுற்றிலும் பார்த்தார். பிறகு நேராக நாற்காலியிடம் போய், அதைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"ஜன்னலைப் பாத்த மாதிரி போடக்கூடாதும்மா. ஜன்னல் சாருக்கு."

"எந்த சாருக்குப்பா?"

"எங்க ஆபீசர் சாருக்கு. தரைக்குக் கீழ இருந்த ரூமு, அவருக்கு மூச்சு முட்டும். ஜன்னல் இருந்தா தேவலைன்னாரு. அதான் சுவத்துல வரைய வச்சோம்." அவர் கடிகாரத்தைக் காட்டினார். "இதுக்கு முள் ஏன் இல்லைன்னு நீ எல்லார்கிட்டயும் என்ன சொல்ற?"

"கனவுல நேரம் கிடையாதுன்னு..."

"அப்படியெல்லாம் இல்ல. மணி தெரிஞ்சா மனுசன் தாங்கிக்குவான். இன்னும் ஒரு மணி நேரந்தான்னு பல்லைக் கடிச்சுக்குவான். தெரியலைன்னா தாங்க மாட்டான். அவ்வளவுதான்." குரலில் ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "போன் கூண்டுல இருக்கறது, ஒருத்தன் பாஞ்சு எடுத்துட்டான். அதுக்கப்புறம் பூட்டி வச்சோம். நாற்காலி உனக்கே புரிஞ்சிருக்கும். ராத்திரி பூரா அதுல உக்காந்தா யாரும் அடிக்கவே வேணாம். செருப்பு ஒண்ணைக் கழட்டிட்டா ஓட மாட்டாங்க. ஓடினாலும் தெருவுல தெரிஞ்சுடும்."

எளிமையாகச் சொன்னார். ஒரு கடினமான வார்த்தை இல்லை, ஒரு சுற்றி வளைப்பு இல்லை. இத்தனை நாளில் அந்த அறையை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராக அவள் கண்முன் வந்தார்கள். அந்தச் செருப்புகளைப் போய்ப் படம் எடுக்கச் சொன்னாளே!

"அப்பா, நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

"டைப் அடிச்சேன். வேற என்ன பண்ணுவேன்? அவங்க சொன்னதை அடிச்சேன்."

"அவங்க கத்தினா?"

"கத்தினதை அடிக்க மாட்டோம்மா. சொன்னதை மட்டுந்தான்." கைகளை விரித்துக் காட்டினார். "இந்தக் கையால ஒருத்தரைத் தொட்டதில்ல. உன் மேல சத்தியம்."

அந்தக் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தலை பின்னிய கை. அங்கே தட்டச்சு செய்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து உட்கார்ந்த கை. அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, வாந்தி வரும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

அப்பா வரைந்த ஜன்னலின் அருகில் போய் மலையை விரலால் தொட்டார். "கண்ணைக் கட்டித்தான் எல்லாரையும் கூட்டிட்டு வருவோம். உள்ள இருந்தவங்க சுவத்தைத்தான் பாத்தாங்க. பூராத்தையும் பாத்தவன் ஒருத்தன்தான். ஜன்னல் வரைய வந்த போர்டு பெயின்டர்." அவர் திரும்பினார். "படம் வரைஞ்சது அவன்தானே? எங்க இருக்கான்?"

முகத்தில் கோபம் இல்லை. காணாமல் போன சாவியை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடாதவள் அவள்.

"செத்துட்டாருப்பா" என்றாள். அப்பாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

"அப்ப சரி" என்றார். உண்மையாகவே நிம்மதி அடைந்தார். "நாளைக்கே இதைக் கழட்டிடும்மா. உனக்குத் தெரியாது. அந்த ஆபீசை மூடிட்டதா பேப்பர்ல போட்டாங்க. மூடல. பேரை மாத்தினாங்க, ஆளை மாத்தல. சார் இன்னும் பெரிய எடத்துல இருக்காரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வச்சிருக்காங்க, நீ போய்க் கிண்டாத."

"நான் கழட்டலைன்னா?"

அப்பா சட்டைக் கையின் சுருக்கத்தை நீவிக்கொண்டார். "நீ என் பொண்ணும்மா. உன்னை எப்படியாவது காப்பாத்தணும்ல?"

அன்று வீட்டில் அப்பா சாப்பாடு பரிமாறினார், அவள் சாப்பிட்ட மாதிரி காட்டிக்கொண்டாள். அவர் அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசுவது கேட்டது. "ஒரு சின்ன விஷயம் சார்... குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது சார்..." என்று கேட்டது. அவளுக்கு நடுவயது தாண்டிவிட்டது. அங்கே இன்னும் அவள் குழந்தை.

காலையில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். எதையும் உரக்கச் சொல்லி அறியாத மனிதர். இன்று மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "கடைசி ரூமை மட்டும் பூட்டிடுங்க. ஒயரிங் ரிப்பேர்னு எழுதி மாட்டிடுங்க. மத்ததெல்லாம் வழக்கம்போல" என்றார்.

"யார் சொன்னாங்க சார்?"

"நான்தான் சொல்றேன்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவராகவே, "ஓவியரோட அட்ரஸ் கேட்டாங்க. பதிவுல இருந்துச்சு, குடுத்துட்டேன்" என்றார்.

அவள் தன் அறைக்கு ஓடிப்போய் ஓவியருக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். பையெல்லாம் எப்பவும் தயாராத்தான் இருக்கு" என்றார். "அன்னைக்கு அவங்களுக்கு ஜன்னல் வரைஞ்சு குடுத்தேன்மா. பூ நல்லா வரலைன்னு மறுபடியும் வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். பின்னால ஆள் உக்காந்திருக்கு. நான் பூ வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்." பையை எடுக்கிற சத்தம் கேட்டது. "ரூமை மூடிடாதீங்க."

தொலைபேசியை வைத்தபோது அவளுக்கு ஓவியர் மேல் வந்த இரக்கத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம் அதிகம். பாத்தது என்று அவர் நேராகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும், எங்கே பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டிருப்பார்கள். தெருவில் போகிற யாரும் கேட்டிருப்பார்கள். அவள் மட்டும் கை தட்டினாள்.

முற்பகல் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்வரிசையில் பெண் நடத்துநர் ஒருத்தி, சீருடையோடு நின்றாள். பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இது அவளுக்கு மூன்றாவது தடவை. இன்று கடைசியில், பார்வையாளர் மாதிரி இல்லாத இருவர் நின்றார்கள். படங்களைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார்கள்.

மீனையும் படிக்கட்டையும் விளக்கம்மா வழக்கம்போல் விளக்கினாள். கூட்டம் வழக்கம்போல் சிரித்தது. கடைசிக் கதவில் பழுது என்ற அட்டை தொங்கியது. அவள் அதன் முன்னால் வந்து நின்றாள். இப்படியே திரும்பிப் போய்விடலாம். வீட்டில் அப்பா இருப்பார், நாளைக்கும் தூக்கில் சாப்பாடு இருக்கும், எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். திறந்தால் அந்த வீட்டுக்கு அவள் மகளாகத் திரும்பிப் போகமுடியாது. அப்பாவை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். "இத்தனை நாள் இதைக் கனவுன்னு சொல்லிட்டிருந்தேன். தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. இது கனவு இல்ல. இதுல புரியாததுன்னு எதுவுமே இல்ல." நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். அது சுவரைப் பார்த்து இருந்தது. "இதுல ஒருத்தரை ராத்திரி பூரா உக்கார வப்பாங்க. வழுக்கும். வழுக்காம இருக்க உடம்பை இறுக்கணும். அடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. கடிகாரத்துல முள் இல்ல, ஏன்னா எப்ப முடியும்னு தெரிஞ்சா மனுசன் தாங்கிக்குவான்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. நடத்துநர் கையைத் தூக்கினாள். கேள்வி கேட்கவேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று விளக்கம்மாவே சொல்லிப் பழக்கியிருந்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

பின்னால் நின்ற இருவரும் அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்கள். ஒரு ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நேற்றுத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா சொன்னாரு" என்றாள். "அங்கதான் அவர் வேலை பாத்தாரு."

நடத்துநர் கையை இறக்க மறந்து நின்றாள். "அப்பா இருக்காரா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இருக்காரு. வீட்டுல இருக்காரு. நான் மத்தியானத்துக்கு இன்னைக்குத் தூக்கு எடுத்துட்டு வரல. அதனால எனக்காகச் சாப்பிடாம உக்காந்திருப்பாரு."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் நடந்து போய்க் கதவைச் சாத்தினான். விளக்கம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அடுத்தது இந்தக் கூண்டு" என்றாள்.